பேட்டரியைக் கழற்றி வைக்கிறவள்

இதை எழுதுகிறவன் வெற்றிச்செல்வியை முதன்முதலில் பார்த்தது அரியலூரில், மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆனி மாதத்து மதியம். பரீட்சைக்குப் படிக்கவென்று தனியாக ரூம் எடுத்திருந்த சமயம். புத்தக அலமாரி ஒன்று அட்டைப்பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்து இறங்கியிருந்தது. "மாட்டிக் குடுக்க எங்க ஆளு வரும் தம்பி" என்று கடையில் சொல்லியிருந்தார்கள். ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கியபோது, கூட வந்திருக்கிற ஆள் எங்கே என்று வாசலை எட்டிப் பார்த்தான் இவன்.

"நான்தான் ஆளு. நவுருங்க" என்றாள்.

சுடிதாருக்கு மேல் ஆம்பளைச் சட்டை. துப்பட்டா கிடையாது. உள்ளே வந்ததும் இரண்டு கையிலும் இருந்த வளையல்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டாள். தாலிச் சரட்டைச் சட்டைக்குள் தள்ளிக் கழுத்துப் பட்டனைப் போட்டாள். கொண்டையை இறுக்கினாள். கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்ட பிறகுதான் பையிலிருந்து மிஷினை எடுத்தாள். துப்பாக்கி மாதிரிப் பிடி, முன்னால் ஸ்குரு முடுக்குகிற பிட்டு, அடியில் பேட்டரி. ஒயர் இல்லாதது. நாற்பது நிமிஷத்தில் அலமாரி நிமிர்ந்து நின்றது.

இவன் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் இவன்தான். பட்டமளிப்பு விழாவில் எடுத்த போட்டோவை ஃபிரேம் போட்டு வைத்திருந்தான். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே ஒரு ஸ்குரு அடித்துத் தரச் சொன்னான்.

"இதுக்குள்ள ஒயர் எப்படிப் போவுது?"

"தெரியாதுங்க."

"போர்டுலேருந்து நேரா மேலதான் போவும். படிச்சவங்கதான? அதுல ஓட்டை போடச் சொல்றீங்க. போட்டா படத்த மாட்டலாம், கையோட மாலையும் சேத்துப் போட்டுறலாம்."

நாலு அடி தள்ளி, கதவுக்குப் பக்கத்தில் இடம் காட்டினாள். இவனுக்கு ரோஷம் வந்தது உண்மை. ஆனால் வந்ததிலிருந்து அவள் திரும்பத் திரும்பச் செய்த ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. மிஷினைக் கீழே வைக்கிற ஒவ்வொரு தடவையும், தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, பேட்டரியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று கேட்டான். அதற்கு அவள் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"அது ஒரு பெரிய கதைங்க. சொல்ல ஆரம்பிச்சா எனக்குக் கோவம் வரும். அடுத்த வூட்டுக்குப் போவணும்" என்றாள்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது ஒரே நாளில் கிடைத்த கதை அல்ல. பிறகு அவளிடமும் கடையிலும் கேட்டுக் கேட்டுக் கிடைத்த வரைக்கும் இதுதான்.

வெற்றிச்செல்வி பிறந்தது வேப்பந்தட்டைப் பக்கம். மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பி நிற்கிற காடு. பிளஸ் டூ வரைக்கும் படித்தாள். கட்டிக் கொடுத்தது செந்துறைக்குப் பக்கத்து ஊரில். கணவன் செந்தில்குமாருக்கு ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. வீட்டில் மாமியார் காத்தாயி, கணவனின் அண்ணன் கொளஞ்சியப்பன். அண்ணன் கல்யாணம் முறிந்து போய்த் தனியாக இருந்தார். முந்திரித் தோப்பு அவர் கையில். வீட்டில் எது நடந்தாலும் கடைசி வார்த்தை அவருடையது. அவர் சாப்பிட உட்கார்ந்தால் டிவி சத்தத்தைக்கூடக் குறைக்க வேண்டும்.

கல்யாணம் ஆன புதிதில் வெற்றிச்செல்வி முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். கொட்டைத் தோலில் இருக்கிற எண்ணெய் விரலைத் தின்றுவிடும். பூங்குழலி கைப்பிள்ளையாக இருந்தபோது, பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் கையில் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்துபோனது. அதை விட்டுவிட்டு அரியலூரில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் பெருக்கவும் தூசி தட்டவும் சேர்ந்தாள்.

கடைக்கு இரண்டு ஃபிட்டர்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குடித்தால் திங்கட்கிழமை வர மாட்டார்கள். ஒரு திங்கட்கிழமை, போன் மேல் போன் வந்துகொண்டிருக்க, முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெற்றிச்செல்வி ஒரு செருப்பு ஸ்டாண்டின் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த படத்தாளைப் பார்த்துப் பார்த்து மத்தியானத்துக்குள் மாட்டி முடித்துவிட்டாள். ஆறு மாதத்தில் அவளுக்கென்று போன் வர ஆரம்பித்தது. பகலில் வீட்டில் தனியாக இருக்கிற பெண்கள், "அந்த அக்காவ அனுப்புங்க" என்றார்கள்.

மிஷினை அவள் தன் பெயரில் பில் போட்டு வாங்கினாள். வாங்கின இரண்டாவது வாரம் அடி பட்டது. சின்னக் கட்டை ஒன்றை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஸ்குரு முடுக்கினாள். பிட்டு நழுவி, கட்டைவிரல் அடியில் இறங்கியது. ஆழமில்லை. ஆனாலும் பயந்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் செந்தில்குமார்தான் காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னான்.

"கட்டையக் கையில பிடிக்காத. கீழ வச்சு அமுக்கு, இல்ல கிளாம்ப் போட்டு இறுக்கு. பிட்டு போற தெசையில உங் கை இருக்கவே கூடாது. எங்க பிளாண்ட்ல மோதிரம் போட்டுக்கிட்டுப் போனாக்கூட கேட்லயே நிப்பாட்டிருவாங்க. தொங்குறது எதுவும் ஒடம்புல இருக்கக்கூடாது. மிஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கரண்ட்ட நிப்பாட்டி, ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவிய நாமளே பாக்கெட்ல வச்சுக்கணும். அப்பதான் நாம உள்ள இருக்கறப்ப எவனும் போட மாட்டான்."

"இதுக்குத்தான் ஒயரே இல்லையே. எதைப் பூட்டுறது?"

"பேட்டரியக் கழட்டு. அதான் பூட்டு."

அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தவன் செந்தில்குமார். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் வெற்றிச்செல்வி இன்று வரைக்கும் அதை மறக்கவில்லை.

வளையலைக் கழற்றுவது காத்தாயிக்கு ஆகவே ஆகாது. காலையில் மருமகள் ஸ்கூட்டியை எடுக்கும்போதெல்லாம் ஒரு பாட்டம் நடக்கும்.

"மொட்டக் கையோட வேல பாக்குறியாமே? எம் புள்ள கல்லாட்டம் இருக்கறப்பவே எதுக்குடி வளையலக் கழட்டுற?"

"மிஷின்ல மாட்டுனா கை போயிரும் அத்த."

"ஊருல இல்லாத மிஷினு."

"உங்க புள்ளயக் கேளுங்க. அவருதான் கழட்டச் சொன்னாரு."

செந்தில்குமார் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, கேட்காத மாதிரி பஸ்ஸுக்குப் போய்விடுவான். இந்த மாதிரிக் கேட்காத காது ஊரில் நிறைய ஆம்பளைகளுக்கு உண்டு. படித்தவன், படிக்காதவன் என்ற வித்தியாசமெல்லாம் அதில் இல்லை.

அந்த வருஷம் ஆயுதபூஜை வந்தது. கூடத்தில் மனை போட்டு, அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து, முந்திரிக்கு மருந்தடிக்கிற டேங்க் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கியிருந்தது. வெற்றிச்செல்வி மிஷினைத் துடைத்து ஓரத்தில் வைத்தாள். பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

கொளஞ்சியப்பன் பார்த்தார். "என்னாம்மா இது, முண்டமா வச்சிருக்க? அடிப்பக்கத்தக் காணும்?"

"பேட்டரி தனியா இருக்கு மாமா. இப்படி வச்சாப் போதும்."

"சாமிக்குக் குறையா வைக்கக் கூடாது. முழுசா வையி."

"ஆளுங்க நடமாடுற எடம் மாமா. பேட்டரியோட கெடந்தா..."

"நாளக்கி மறுபூஜை வரைக்கும் எவன் தொடப் போறான்? சாமி முன்னாடி எதுத்து எதுத்துப் பேசாத."

அவரே போய் எடுத்து வந்து, டக்கென்று மாட்டினார். பிட்டு சொருகுகிற வாயில் சந்தனத்தை அப்பினார். மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்றை முடிந்த மஞ்சள் கயிற்றை எடுத்து, பிட்டுக்குப் பின்னால், சுற்றுகிற கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். அதற்கு மேல் ஒரு முழம் பூ. சுற்றுகிற எதுவும் தன் உடம்புப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று தாலியையே உள்ளே தள்ளிப் பட்டன் போடுகிறவளுக்கு, அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

நிஜமாகவே யாரும் தொட மாட்டார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை எடுப்பது வழக்கம் இல்லை. அந்த ஒரு ராத்திரிதானே என்று வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய கோபத்தில் பாதி அன்றைக்குத் தான் வாயை மூடிக்கொண்டதன் மேல்தான்.

காலையில் அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். செந்தில்குமார் முதல் ஷிஃப்டுக்குப் போய்விட்டிருந்தான். மறுபூஜை முடிந்ததும் ஒவ்வொரு ஆயுதத்தையும் எடுத்து ஒரு வேலை தொடங்கிவைக்க வேண்டும். மண்வெட்டியால் மூன்று வெட்டு வெட்டினார் கொளஞ்சியப்பன். அரிவாளால் ஒரு கிளை. மிஷின் மிச்சம் இருந்தது. அது வீட்டு ஆம்பளை கையால் தொடங்கினால்தான் விருத்தியாகும் என்று காத்தாயி சொன்னாள். நிலைக்கு மேலே மாட்ட ஒரு திருஷ்டிப் படம் வாங்கி வைத்திருந்தார்கள். அதற்கு அடியில் கொடுக்கிற மரத்துண்டை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஸ்குருவை நிறுத்தி, விசையை அமுக்கினார்.

கத்தலைக் கேட்டு ஈரத் தலையோடு வெற்றிச்செல்வி ஓடி வந்தாள். பிட்டு ஸ்குருத் தலையிலிருந்து நழுவி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சதைக்குள் போயிருந்தது. வலியில் மனுஷனுக்கு விசையிலிருந்து விரலை எடுக்கத் தோன்றவில்லை. இன்னும் இறுக்கி அமுக்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் கயிறு அவிழ்ந்து சுற்றி, பூவையும் இழுத்து, அவருடைய இடது சுட்டுவிரலையும் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தது.

"வுடுங்க! வெரல வுடுங்க மாமா!"

அவர் விடவில்லை. அவள் அடியில் கை கொடுத்துப் பேட்டரியைப் பிடுங்கினாள். மிஷின் நின்றது. பிளேடால் கயிற்றை அறுத்தாள். பிட்டு வெளியே வந்ததும் ரத்தம் கொட்டியது. காத்தாயி ஒரு கை நிறையக் காப்பித்தூளோடு ஓடி வந்தாள்.

"அத்த, அத காயத்துல போட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

சுத்தமான துண்டை மடித்து வைத்து அமுக்கிப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கச் சொன்னாள். வீட்டில் ஓட்டத் தெரிந்த ஆள் அவள் மட்டும்தான். ஸ்கூட்டியை எடுத்தாள். கொளஞ்சியப்பன் தயங்கினார். தம்பி பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் வழியாகப் போவதா?

"ஏறுங்க."

ஏறினார். ஆனால் எதையும் பிடிக்காமல், ஒரு முழம் தள்ளி, கேரியர் நுனியில் உட்கார்ந்தார்.

"கம்பியப் பிடிச்சுக்குங்க மாமா. வுழுந்தீங்கன்னா மிச்சம் இருக்கிற கையும் போயிரும்."

செந்துறை ஆஸ்பத்திரியில் கழுவி, நாலு தையல் போட்டு, ஊசி போட்டார்கள். நரம்பு தப்பித்தது, விரல் மடங்கும் என்று டாக்டர் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் கொளஞ்சியப்பன் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"தம்பி பொண்டாட்டி ஒரு மிஷின் வச்சிருக்கு. அது கடிச்சுப்புடுச்சு."

அது கடித்துவிட்டது! நாய் மாதிரி. மூலையில் கட்டிப்போட்டிருந்ததை அவிழ்த்து, வாயில் கையைக் கொடுத்தது யார் என்று அந்தப் பெஞ்சில் ஒருத்தர் கேட்கவில்லை. வெற்றிச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரை வாங்கப் போனாள். அவள் வரிசையில் நின்ற நேரத்தில் கொளஞ்சியப்பன் அம்மாவுக்குப் போன் போட்டார். டீக்கடை ராசாங்கம் ரொம்ப நாளாக அந்த மாதிரி மிஷின் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறான். இன்றைக்கே வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல். ரத்தம் பட்டது வீட்டில் இருக்கக் கூடாது. அவன் வந்து ஓட்டிப் பார்ப்பான், தயாராக வை.

காத்தாயி தயாராக வைத்தாள். அவளுக்குத் தெரிந்த முறையில் வைத்தாள். மஞ்சள் தண்ணீர் கரைத்து, மிஷினையும் பேட்டரியையும் முக்கி எடுத்து, ரத்தம் போகத் தேய்த்துக் கழுவினாள். துணியால் துடைத்தாள். ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்று பேட்டரியைச் சார்ஜரில் சொருகினாள். அந்த ரூமில் பிளக் இருக்கிற இடம் கட்டிலுக்குப் பக்கம். மெத்தையிலேயே வைத்து, தூசி படாமல் ஒரு துண்டையும் மேலே போட்டு மூடினாள். அந்த மெத்தையின் மறுகோடியில், லேசான காய்ச்சலோடு பூங்குழலி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயது.

வெற்றிச்செல்வி வீட்டுக்குள் கால் வைத்ததும் வாசனை வந்தது. நகப்பூச்சு வாசனை மாதிரி, இனிப்பாக, தலையைச் சுற்றுகிற வாசனை. வீட்டில் நகப்பூச்சு யாரும் போடுவதில்லை.

"அத்த, என்னா வாட?"

"ஒண்ணுமில்ல. உன் மிஷினக் கழுவிச் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்."

கழுவி என்ற வார்த்தையோடு அவள் ஓடினாள். துண்டுக்கு அடியிலிருந்து புஸ் என்று ஒரு சத்தம். முதலில் பிள்ளையை வாரி எடுத்தாள். கூடத்தில் மாமியார் கையில் திணித்து, "வெளிய போங்க, தெருவுக்குப் போங்க" என்று தள்ளினாள். திரும்ப வந்து சுவரில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினாள். பேட்டரியைக் கையால் தொடவில்லை. அடுப்படியிலிருந்து இரும்புச் சட்டியும் கரண்டியும் எடுத்து வந்து, துண்டைத் தள்ளி, சார்ஜரோடு சேர்த்துச் சட்டிக்குள் தள்ளினாள். பேட்டரி பக்கவாட்டில் உப்பி, பிளாஸ்டிக் நெகிழ்ந்திருந்தது. சட்டியை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடி, வாசலில் கக்கூஸ் கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் கவிழ்த்தாள். அவள் பத்து அடி விலகுவதற்குள் அது வெடித்தது. வெள்ளைப் புகை, பின்னால் ஒரு முழத்துக்குத் தீ.

மெத்தையில் ஒரு தட்டு அளவுக்குக் கருகிப் பழுப்பேறியிருந்தது. பூங்குழலி கால் நீட்டியிருந்த இடத்திலிருந்து ஒன்றரை அடி.

அந்த நேரம் பார்த்துத்தான் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். தெருமுனையிலேயே ஸ்கூட்டியிலிருந்து இறங்கிவிட்டிருந்த கொளஞ்சியப்பன், யாரோ இருவருக்குக் கைக்கட்டைக் காட்டிவிட்டு வந்தார். ஷிஃப்ட் முடிந்து செந்தில்குமார் வந்தான். மொபெட்டில் ராசாங்கம் வந்தான்.

"பாத்தியா?" என்றார் கொளஞ்சியப்பன், புகையைக் காட்டி. "நான் அப்பவே நெனச்சேன். வளையலக் கழட்டி வச்சுட்டு, தாலிய மறைச்சுக்கிட்டு ஒரு பொம்பள வேல பாத்தா அந்தச் சாமானுக்கு என்னா வெளங்கும்? முதல்ல எங் கையி. இப்ப வூட்டுல நெருப்பு. போதும் தாயீ. இன்னையோட வுட்டுரு. ராசாங்கம், நீ அந்த மிச்சத்த எடுத்துக்கிட்டுப் போ."

ராசாங்கம் மணலைப் பார்த்தான். "அண்ணே, நான் வேணா அப்பறமா..."

"எடுத்துக்கிட்டுப் போடான்னா."

வெற்றிச்செல்வி கணவனைப் பார்த்தாள். அண்ணன் கையும் பேட்டரித் தீயும், இரண்டு விஷயமும் அவனுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். எப்படி நடந்தது, யார் செய்தது, எதைச் செய்திருக்கக் கூடாது, எல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் வாயைத் திறந்தால் மிஷின் இருக்கும், வேலை இருக்கும். திறக்காவிட்டால் நாளைக்குக் காலையில் அவள் மறுபடி முந்திரிக்கொட்டைக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான்.

செந்தில்குமார் சொன்னான்: "வுடு வெற்றி. மொதல்ல அண்ணன் கையப் பாரு."

அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, தெருவில் கதவுகள் திறந்தன.

"பாத்துட்டேங்க! அண்ணன் கைய நான்தான் பாத்தேன். பேட்டரியப் புடுங்கினது நானு. கட்டுப் போட்டது நானு. வண்டியில ஏத்திக்கிட்டுப் போனது நானு. நாலு தையல் போடுறப்ப கூட நின்னது நானு. நீங்க எம் புள்ள படுத்திருந்த மெத்தையப் போயிப் பாருங்க. போங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க வுடுன்னு."

அவன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"இப்ப சொல்லுங்க. பிளாண்ட்ல ஒருத்தன் பூட்டை எடுத்துட்டு மிஷினப் போட்டா என்னா பண்ணுவாங்க?"

"வெற்றி..."

"என்னா பண்ணுவாங்கன்னு கேட்டேன்."

"வேலைய வுட்டு அனுப்பிருவாங்க."

"சுத்துற மிஷின்ல கயித்தக் கட்டுனா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கையில கட்டையப் பிடிச்சுக்கிட்டு முடுக்குனா? நனஞ்ச பேட்டரிய மெத்தையில வச்சு மூடிச் சார்ஜ் போட்டா? இதெல்லாம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தது? அங்க ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற மூளை, வூட்டு வாசல் வந்தா எங்கங்க போவுது? உங்க சூப்பர்வைசர் சொன்னா பயப்படுறீங்க. நான் சொன்னா எதுத்துப் பேசுறேனா?"

"ஆம்பளைங்ககிட்ட இப்படியா பேசுறது?" என்றாள் காத்தாயி. பிள்ளை இன்னும் அவள் இடுப்பில் இருந்தது.

"உங்களயும்தான் அத்த சொல்றேன். வளையலக் கழட்டினா உங்க புள்ளைக்கு ஆகாதுன்னு தெனமும் அழுதீங்க. இன்னக்கி என் புள்ள போயிருந்தா எந்த வளையலப் போட்டு எழுப்புவீங்க?"

மணலில் அது இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. பிறகு செந்தில்குமார், அண்ணன் பக்கம் திரும்பாமல், செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவ சொல்றது சரிதான்ணே. பேட்டரிய மாட்டுனது தப்பு. கயிறு கட்டுனதும் தப்பு."

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் வெற்றிச்செல்வி. "ராசாங்கத்துக்குக் கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சுக்கா" என்றான் ராசாங்கம் அவசரமாக, மொபெட்டைத் திருப்பிக்கொண்டே.

"கேட்டுச்சுல்ல? மிஷின் எம் பேருல பில்லு போட்டு வாங்குனது. விக்கிறதா இருந்தா நான் விப்பேன். விக்கல. கெளம்பு."

கொளஞ்சியப்பன், "தம்பி, நீயுமாடா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். செந்தில்குமார் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை அந்த மௌனம் அண்ணனுக்கு எதிராக இருந்தது. அதற்காக அவனை மெச்சிக்கொள்ள வெற்றிச்செல்விக்கு மனசு வரவில்லை. பிள்ளை பக்கத்தில் மெத்தை கருகின பிறகுதான் ஒரு மனுஷனுக்கு வாய் திறக்கும் என்றால், அதற்கு எதற்கு மாலை?

மிஷினுக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. கடைக்காரர் அதைத் திருச்சிக்கு சர்வீசுக்கு அனுப்பினார். புதுப் பேட்டரியோடு திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவள் கையால் முடுக்கினாள். ஒரு கட்டிலுக்கு நாற்பது ஸ்குரு. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. வேலைக்கு ஒரு நாள்கூடப் போகாமல் இருக்கவில்லை. நின்றால், மிஷின் போனதும் இவளும் போய்விட்டாள் என்று வீட்டில் பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்பதற்காகவே கொப்பளத்தின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வீட்டில் இரண்டு மாதம் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. கொளஞ்சியப்பனின் விரல் முழுசாக மடங்கியது. ஆனால் ஊரில் அவர் சொன்ன கதை மாறவில்லை: தம்பி பெண்டாட்டி மிஷின் கடித்தது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அதை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தபோது, பரிமாறிக்கொண்டிருந்த வெற்றிச்செல்வி சாம்பார் வாளியை அங்கேயே வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "கடிக்கலங்க. கழட்டி வச்ச பேட்டரிய அவரே மாட்டி, அவரே கயிறு கட்டி, அவரே கையக் குடுத்தாரு. பாயசம் யாருக்கு வேணும்?" அந்த வாரமே தனிக்குடித்தனம் போவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவள். செந்தில்குமார் சாமான்களை ஏற்ற ஒரு குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு வந்தான்.

வெற்றிச்செல்விக்கு இப்போது முப்பத்தாறு வயது. செந்துறையில் வாடகை வீட்டில் கணவனோடும் மகளோடும் இருக்கிறாள். அதே அரியலூர் கடைக்குத்தான் மாட்டிக் கொடுக்கப் போகிறாள். பெரம்பலூர் வரைக்கும் கூப்பிடுகிறார்கள். கொளஞ்சியப்பனோடு பேச்சு இல்லை.